ஆட்சி மாறும் வரை பெண்கள் காத்திருக்க வேண்டுமா?

திருநெல்வேலியில் கல்லூரிப் படிப்பு படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது: “நவம்பர் 25 அன்று எங்கள் கல்லூரியில் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்போம் என்று உறுதிமொழி எடுத்தோம். ராணுவ ஆட்சியும் ஒற்றைக் கட்சி ஆட்சியும் நடக்கிற நாடுகளில் பெண்கள் இயக்கம் இதற்காகப் போராடி என்ன சாதிக்க முடியும்? முதலில் ஆட்சி மாறினால்தானே மற்றதெல்லாம்? நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

தங்கச்சி, நீ கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நடுவில் இருப்பதுதான் முக்கியமானது. “முதலில் ஆட்சி மாறட்டும், பொம்பளைங்க பிரச்சினையை அப்புறம் பார்த்துக்கிடலாம்” என்று நல்ல மனசோடு போராடுகிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் நெல்லை நீதிமன்றங்களில் குடும்ப வன்முறை வழக்குகள் நடத்துகிறவள். இந்த வரிசை தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எந்தச் சர்வாதிகாரியும் ராணுவத்தையும் போலீசையும் மட்டும் வைத்து ஆள்வதில்லை. வீட்டுக்குள் பெண்ணை அடக்கி வைக்கிற அதிகாரத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறான். அதனால் வீட்டு வன்முறையைப் பேசுகிற பெண்கள் ஆட்சியின் ஒரு தூணைத்தான் தொடுகிறார்கள். அவர்களைத் தேடித் தேடிக் கைது செய்வதும் அதனால்தான்.

நீ உறுதிமொழி எடுத்த அந்தத் தேதியே ஒரு சர்வாதிகாரியின் கொலையிலிருந்து வந்தது. டொமினிக்கன் குடியரசை 1930 முதல் 1961 வரை ரஃபேல் ட்ருஹியோ என்பவர் ஆண்டார். கண்ணில் படுகிற பெண்களெல்லாம் தனக்குச் சொந்தம் என்று நினைத்தவர். 1949-இல் நடந்த ஒரு விருந்தில் மினெர்வா மிராபல் என்ற இளம்பெண் அவருக்கு இணங்க மறுத்தாள். அந்தக் குடும்பத்துக்கு அன்றிலிருந்தே தொல்லை. மினெர்வாவின் அப்பாவைச் சிறையில் போட்டார்கள். மினெர்வா சட்டம் படித்து முடித்தும் தொழில் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. பின்னால் மினெர்வாவும் சகோதரிகள் பாட்ரியா, மரியா தெரேசா இருவரும் ட்ருஹியோவுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார்கள். 1960 நவம்பர் 25 அன்று சிறையிலிருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூன்று பேரையும் வண்டி ஓட்டியவரையும் மறித்து அடித்துக் கொன்றார்கள். உடல்களை ஜீப்பில் வைத்துப் பள்ளத்தில் உருட்டிவிட்டு விபத்து என்றார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை. ஆறு மாதத்தில் ட்ருஹியோவே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1981-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் அந்த நாளைப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக அறிவித்தார்கள். ஐ.நா. அதை ஏற்றது 1999-இல். உறுதிமொழித் தாளில் இந்தக் கதையைப் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை. ஆனால் விருந்தில் பெண்ணிடம் அத்துமீறியதும் அரசியல் கொலையும் ஒரே ஆள் செய்தவை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உன் முதல் கேள்வி, என்ன சாதிக்க முடியும் என்பது. இதற்கு பாகிஸ்தானைப் போல நமக்குப் பக்கத்தில் இருக்கிற, நமக்கு எளிதாகப் புரிகிற உதாரணம் வேறு இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1977 ஜூலையில் ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். 1979 பிப்ரவரியில் இஸ்லாமியத் தண்டனை முறை என்ற பெயரில் ஹுதூத் சட்டங்கள் வந்தன. அதில் ஜினா என்ற பிரிவு, திருமணத்துக்கு வெளியே நடக்கும் உடலுறவைக் குற்றமாக்கியது. பலாத்காரமும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு பெண் பலாத்காரம் செய்யப்பட்டதற்கு உச்ச தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் நேரில் பார்த்த நான்கு முஸ்லிம் ஆண்கள் சாட்சி சொல்ல வேண்டும். சரி, அப்படிச் சாட்சி கிடைக்கவில்லை என்றால்? குற்றவாளி தப்பிப்பதோடு விஷயம் நிற்கவில்லை. புகார் கொடுத்ததன் மூலம் உடலுறவு நடந்ததை அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அவள் மேலேயே ஜினா வழக்குப் போட இடம் இருந்தது. அவள் கர்ப்பமாக இருந்தால் அதுவும் அவளுக்கு எதிரான சாட்சியம்.

சபியா பீபி வழக்கில் இது அப்படியே நடந்தது. கண் பார்வை அநேகமாக இல்லாத, வீட்டு வேலை செய்த இளம்பெண் அவள். வேலை பார்த்த வீட்டு முதலாளியும் அவர் மகனும் பலாத்காரம் செய்ததாகப் புகார். ஆதாரம் போதவில்லை என்று ஆண்களை விட்டுவிட்டார்கள். சபியாவுக்கு 15 கசையடியும் மூன்று வருடச் சிறையும் கொடுத்தார்கள். நாட்டுக்குள்ளும் வெளியிலும் பெண்கள் கிளர்ந்தெழுந்த பிறகுதான் 1983-இல் மேல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ராணுவ ஆட்சிக்குக் கீழேதான் இது நடந்தது என்பதைக் கவனி.

அதற்கு முன்பே, 1981-இல், கராச்சியில் பெண்கள் செயல் மன்றம் என்ற அமைப்பு தொடங்கியிருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடிக்குக் கல்லெறி தண்டனையும் கசையடியும் விதித்த தீர்ப்புதான் அவர்களைக் கூட்டியது. நம்ம பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்கிறவர்கள் கதை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. பிறகு நீதிமன்றத்தில் பெண்ணின் சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிடும் ஒரு புதிய சாட்சியச் சட்டத்தை ஜியா கொண்டுவரப் பார்த்தார். இரண்டு பெண்கள் சொன்னால் ஒரு ஆண் சொன்னதற்குச் சமம் என்ற கணக்கு. 1983 பிப்ரவரி 12 அன்று லாகூரில் பெண் வழக்கறிஞர்களும் பெண்கள் செயல் மன்றமும் உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க ஊர்வலம் போனார்கள். கட்சிகளுக்குத் தடை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, நாலு பேர் கூடினால் கைது என்றிருந்த காலம். போலீஸ் தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகை வீசியது. ஆதரவாக வந்து கவிதை வாசித்த ஹபீப் ஜாலிப்புக்கும் அடி விழுந்தது.

அந்தச் சட்டம் 1984-இல் வந்தது. ஆனால் முதலில் நினைத்த வடிவத்தில் வரவில்லை. எழுத்தில் இருக்கும் பணம் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான் இரண்டு பெண்கள் என்ற கணக்கு நின்றது. ஹுதூத் தண்டனைகள் தவிர்த்த மற்ற வழக்குகளில் ஒரு பெண்ணின் சாட்சியமே போதும் என்றானது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் வழக்கு நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு திருத்தம் இல்லாமல் போயிருந்தால் எத்தனையோ பெண்கள் நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது தெருவில் நடந்த ஊர்வலத்தைவிட அஸ்மா ஜஹாங்கீரும் அவர் தங்கை ஹினா ஜிலானியும் வேறு இரண்டு தோழிகளோடு 1980-இல் லாகூரில் தொடங்கிய வழக்கறிஞர் அலுவலகம். ஜினா வழக்கில் சிறையில் கிடந்த ஏழைப் பெண்களைத் தேடிப் போய் வக்காலத்து வாங்கினார்கள். எந்தப் பிரிவில் கைது, யார் புகார், எத்தனை நாளாக உள்ளே என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். புகார் கொடுத்தவர்களில் பலர் அந்தப் பெண்களின் அப்பாவும் அண்ணனும் முன்னாள் கணவனும்தான் என்பது அப்படித்தான் வெளியில் தெரிந்தது. மகள் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்தால் ஜினா வழக்கு. விவாகரத்து ஆன மனைவி மறுமணம் செய்தால் ஜினா வழக்கு. ராணுவ ஆட்சி ஒவ்வொரு குடும்பத்து ஆணின் கையிலும் ஒரு கைவிலங்கைக் கொடுத்து வைத்திருந்தது. ஆட்சியும் வீடும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்று நான் முதலில் சொன்னேனே, அது இதுதான்.

பெண்கள் செயல் மன்றத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்த, நகரத்து, வசதியான பெண்கள் என்ற விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனம். அதே காலத்தில் சிந்து மாகாணத்துக் கிராமங்களில் சிந்தியாணி தஹ்ரீக் என்ற அமைப்பில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் ஜியாவுக்கு எதிராகத் திரண்டு சிறை போனார்கள். அவர்களைப் பற்றி வெளியில் எழுதியவர்கள் குறைவு. ஆங்கிலம் தெரிந்தவர்கள் வரலாற்றில் பெரிதாகத் தெரிவார்கள், நிலத்தில் நின்றவர்கள் மறைந்துபோவார்கள். எந்த நாட்டைப் படித்தாலும் இதைக் கவனித்துப் படி.

இப்போது உன் நடுக் கேள்விக்கு வருவோம். ஜியா 1988-இல் விமான விபத்தில் இறந்தார். அந்த வருடமே தேர்தல் நடந்து பேநசீர் பூட்டோ பிரதமரானார். ஆட்சி மாறிவிட்டது, அதுவும் ஒரு பெண்ணிடம் வந்துவிட்டது. ஆனால் ஹுதூத் சட்டம் அசையவில்லை. அவர் இரண்டு முறை பிரதமராக இருந்தும் அது நீக்கப்படவில்லை. பலாத்காரத்தை ஜினாவிலிருந்து பிரித்துச் சாதாரணத் தண்டனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2006-இல், முஷரஃப் என்ற இன்னொரு ராணுவத் தளபதியின் காலத்தில். நடுவில் இருந்த அத்தனை வருடமும் விடாமல் வழக்குப் போட்டு, கணக்கெடுத்து, கத்திக்கொண்டே இருந்தவர்கள் பெண்கள்தான். ஆட்சி மாறினால் தானாகச் சரியாகிவிடும் என்று அவர்கள் வீட்டில் இருந்திருந்தால் 2006-இலும் ஒன்றும் நடந்திருக்காது.

அர்ஜென்டினா இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. 1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. பிள்ளைகளைக் காணவில்லை என்று தேடி அலைந்த அம்மாக்கள் 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகரின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். அதுவே வாரா வாரம் வியாழக்கிழமைப் போராட்டமானது. முதலில் கூடியவர்களில் அசுசேனா விஜாஃப்ளோரையும் வேறு இரண்டு அம்மாக்களையும் அந்த டிசம்பரிலேயே கடத்திக் கொன்றார்கள். அவர்கள் உடல்கள் அடையாளம் காணப்பட்டது 2005-இல்.

1985-இல் ராணுவத் தளபதிகள் மீது விசாரணை நடந்தது. ரகசியச் சிறைகளில் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைப் பெண்கள் அங்கே சொன்னார்கள். நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. ஆனால் அதைச் சித்திரவதை என்ற பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டது, தனிக் குற்றமாக எடுக்கவில்லை. அந்நாட்டில் ராணுவ ஆட்சிக் காலத்துப் பலாத்காரத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றமாகக் கொண்டு முதல் தண்டனை விதிக்கப்பட்டது 2010-இல். ஜனநாயகம் திரும்பி 27 வருடம் கழித்து! ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பது நடைமுறையில் எவ்வளவு காலம் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்.

சிலி நாட்டுப் பெண்கள் இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். தளபதி பினோசேயின் ராணுவ ஆட்சி நடக்கும்போதே ஹூலியத்தா கிர்க்வுட் போன்றவர்கள் ‘நாட்டிலும் ஜனநாயகம், வீட்டிலும் ஜனநாயகம்’ என்று முழங்கினார்கள். ராணுவ ஆட்சியை எதிர்க்கிற கட்சிக்காரர் ராத்திரி வீட்டுக்குப் போய் மனைவியை அடித்தால் அவர் எந்த ஜனநாயகத்துக்காகப் போராடுகிறார் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். தோழர்களுக்குக் கோபம் வந்தது. ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள் என்றார்கள். பெண்கள் விடவில்லை. 1990-இல் ஆட்சி மாறியதும் பெண்களுக்கான தனி அரசுத் துறை 1991-இல் வந்தது, குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 1994-இல் வந்தது. முன்னாலேயே பேசி வைத்திருந்ததால்தான் நான்கு வருடத்தில் முடிந்தது. அர்ஜென்டினாவின் 27 வருடத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் வேறு வேறு விஷயங்கள், நேராக ஒப்பிட முடியாது என்று யாராவது சொல்வார்கள். அது சரிதான். ஆனாலும் பேச்சை முன்கூட்டியே ஆரம்பித்தவர்களுக்கும் தள்ளிப்போட நேர்ந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதில் தெரிகிறது.

சீனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 மார்ச்சில், மகளிர் தினத்துக்கு முன்னால், பஸ்ஸிலும் ரயிலிலும் நடக்கும் பாலியல் சீண்டலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டத் திட்டமிட்ட ஐந்து இளம்பெண்களைப் பிடித்து 37 நாள் உள்ளே வைத்தார்கள். வெறும் ஸ்டிக்கர்தான்! அவர்களில் சிலர் 2012-இல் ரத்தக் கறைபோல் சிவப்புப் பூசிய கல்யாண உடையில் பெய்ஜிங் தெருவில் நடந்து குடும்ப வன்முறையைப் பேச வைத்தவர்கள். அவர்களைக் கைது செய்த அதே வருடம் டிசம்பரில் குடும்ப வன்முறைக்கு எதிரான முதல் தேசியச் சட்டத்தைச் சீன அரசு நிறைவேற்றியது. கோரிக்கையை எடுத்துக்கொண்டு கேட்டவர்களை ஒடுக்குவது ஒற்றைக் கட்சி ஆட்சியின் வழக்கமான வேலை. ஆனாலும் சட்டம் வந்தது, அடி வாங்கும் பெண்களுக்கு அது உதவும். இன்னொரு பக்கம், பிடி இறுகுகிற நாடுகளில் இருக்கிற பாதுகாப்பையும் பிடுங்குவார்கள். ரஷ்யாவில் 2017-இல், பெரிய காயம் இல்லாமல் வீட்டில் முதல்முறை அடித்தால் அது கிரிமினல் குற்றம் இல்லை என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். துருக்கி 2021-இல் பெண்கள் பாதுகாப்புக்கான இஸ்தான்புல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. தங்கள் நகரத்தின் பெயரைத் தாங்கிய ஒப்பந்தம் அது.

சரி, நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

நம் நாட்டிலும் 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை இருந்தது. நடிகை சிநேகலதா ரெட்டியை பெங்களூரு சிறையில் அடைத்து, ஆஸ்துமாவுக்கு ஒழுங்கான சிகிச்சை கிடைக்காமல் உடல்நிலை முற்றிய பிறகு வெளியில் விட்டார்கள். 1977 ஜனவரியில் இறந்துபோனார். காவல் நிலையமும் சிறையும் கேள்வி கேட்பார் இல்லாமல் என்னவெல்லாம் செய்யும் என்பதை ஒரு தலைமுறையே அந்த இரண்டு வருடத்தில் பார்த்தது. அந்தத் தலைமுறைதான் மதுரா வழக்கைக் கையில் எடுத்தது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்கள் பலாத்காரம் செய்ததாக வழக்கு. உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்று சொல்லி 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. 1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட அறிஞர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் பலாத்காரம் தனிக் குற்றமானது. அப்படிப்பட்ட வழக்கில், நான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. அது மதுராவுக்குப் பயன்படவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

அப்புறம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்து மலை அடிவாரக் கிராமத்தில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அடிபட்ட பெண்களையே சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. உச்ச நீதிமன்றத்துக்கு மனு எடுத்துப் போனவர் நம் நெல்லை மாவட்டத்துக்காரர், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய்ப் பார்த்து, கிராமத்துக்காரர்கள் சொன்னது உண்மை என்று அறிக்கை எழுதினார். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தேர்தல் நடக்கிற, பத்திரிகை இருக்கிற, நீதிமன்றம் இருக்கிற ஒரு மாநிலத்தில் அந்தக் கிராமம் அனுபவித்தது அப்பட்டமான சர்வாதிகாரம். அந்தப் பெண்கள் 19 வருடம் ஒரே வாக்குமூலத்தில் நின்றார்கள்.

நான் இந்திய ஆட்சியை ஜியாவின் ஆட்சியோடு ஒன்றாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் லாகூரில் அடி வாங்கியவர்களுக்கும் அநியாயம், நமக்கு இருக்கிற உரிமைகளுக்கும் அநியாயம். ஆனால் ஜனநாயக நாட்டுக்குள்ளும் சட்டம் எட்டாத இடங்கள் உண்டு. கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் நடந்தது. போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டுப் பெண்களும் கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேள், அந்த நாளைப் பற்றிச் சொல்வார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனுமாக இரண்டு வியாபாரிகள் போலீஸ் அடித்துச் செத்த வழக்கில், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் உண்மையைச் சொன்னது ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர். ராத்திரி முழுக்க அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் ரத்தம் இருந்தது என்று சொன்னார். கூட வேலை பார்ப்பவர்கள் வெளியில் நின்று மிரட்டும் சூழ்நிலையில், பயத்தோடு, சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பலாத்கார வழக்கு இல்லைதான் அது. ஆனால் நான் மேலே சொன்ன எல்லாப் போராட்டங்களிலும் தீர்மானமான இடம் இதுதான்: உள்ளே நடந்ததை ஒரு பெண் வெளியில் சொல்வது, சொன்னதில் நிற்பது.

வீட்டதிகாரமும் ஸ்டேஷன் அதிகாரமும் ஒரே கூரைக்கு அடியில் இருப்பதும் இங்கே நடக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞரை, அவர் பழகிய பெண்ணின் தம்பி வெட்டிக் கொன்றதாக வழக்கு. கைதான பையனின் அப்பா, அம்மா இருவருமே காவல் உதவி ஆய்வாளர்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் சாதி மாறிக் காதலிக்கும் ஒரு பெண் பாதுகாப்புக் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவாள் என்று யோசித்துப் பார். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று சிறப்புப் பிரிவு வேண்டும், ஜோடிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும் என்று உத்தரவிட்டது. அது காகிதத்தை விட்டு இறங்கி வருமா என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது உன் தலைமுறையின் வேலை.

பெண்கள் எப்படிக் கூடினார்கள் என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். கூட்டம் போடத் தடை இருக்கும்போது சிலியில் சர்ச் வளாகத்தில் துணிப் படம் தைக்கும் பட்டறைகளில் கூடினார்கள். காணாமல் போனவர்களின் கதையைத் துண்டுத் துணியில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்களே, அங்கேயும் இதே மாதிரிப் பேச்சு நடக்கிறது. “அங்க என்ன கூட்டம்?” என்று எந்தப் புருசனும் கேட்க மாட்டான், கை வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது. என்னிடம் வந்த பல வழக்குகள் முதலில் அந்தத் திண்ணையில்தான் பேசப்பட்டன. ஒரு அக்கா கட்டுக் கட்டாகத் தன் பீடி பாஸ்புக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அடி விழுந்து கை வீங்கிய நாட்களில் கடையில் பீடி ஒப்படைக்கவில்லை, அந்தத் தேதிகளெல்லாம் காலியாக இருந்தன. ஆஸ்பத்திரிச் சீட்டோடு அதைச் சேர்த்து வைத்தபோது அவர் சொன்ன தேதிகளும் அதுவும் பொருந்தின. லாகூர் வழக்கறிஞர்கள் சிறையில் செய்த வேலையும் இதே வகைதான்.

கடைசியாக, உன் கையில் இன்று இருக்கிற சட்டம். பாலியல் குற்றத்துக்கு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்க எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பலாத்காரம் போன்ற குற்றங்களில் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இது 2013-இல் வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 199-ஆவது பிரிவு. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால் பெண் அதிகாரி இருக்க வேண்டும், நடுவரின் அனுமதி வேண்டும். சாட்சி சொல்லப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, அவள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அடி என்றால் 2005-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நேராகப் போகலாம், 181-க்கு அழைக்கலாம். பாதுகாப்பு உத்தரவும் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம்.

அடிபட்ட பெண் யாராவது உன்னிடம் வந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. யார் அடித்தது என்பதைச் சீட்டில் எழுதச் சொல். தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயரை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, ஒரு போட்டோ எடுத்து நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வை. ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதே, இரண்டு பேராவது கூடப் போங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ரசீது தர மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கோ, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கோ அனுப்பிவிட்டு, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.